ஆண்ட்ராஸ்டேயைக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு



நீளமான பதிவு இது. அரசியல் இல்லை. மூட்டுவலிக் கஷாயமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கற்பனை மதத்தைப் பற்றியது. "ரிட்டயர் ஆன பிறகு டீச்சருக்குப் பொழுது போகவில்லை போல" என்று சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் எங்கும் போகவில்லை.

விஷயம் இதுதான். என் பேரன் 'டிராகன் ஏஜ்' என்ற விளையாட்டை ஆடுகிறான். கோடை விடுமுறை முழுக்க நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெட்டுக்குத்தில் எனக்கு ஆர்வம் கிடையாது. ஆனால் அதற்குள் 'கோடெக்ஸ்' என்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. அந்த உலகத்தின் வரலாறு, புராணம், பாட்டு, கடிதம் என்று ஏராளமாக அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் தூங்கப் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத்தான் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவளுக்கு அது பாயசம்.

அந்த உலகத்தில் ஆண்ட்ராஸ்டே என்று ஒரு பெண் தீர்க்கதரிசி. அவளைப் பற்றித்தான் எங்களுக்குள் வாக்குவாதம். என் பேரன், என் தங்கை மகன், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இன்று மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி, இந்த மூன்று பேரும் ஒரு கட்சி. "அந்தம்மா பெரிய கில்லாடி. நாட்டைப் பிடிக்கக் கடவுள் பேரைச் சொன்னாங்க. அவ்வளவுதான்" என்பது அவர்கள் தீர்ப்பு. அக்கா பேத்தி எதிர்க்கட்சி. "அவங்க தெய்வம், பின்னாடி வந்தவங்கதான் எல்லாத்தையும் கெடுத்தாங்க" என்கிறாள்.

இரண்டு தீர்ப்பும் எனக்குச் சம்மதமில்லை. முதல் தீர்ப்பின் மேல்தான் கோபம் அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

கனடாவில் எட்மன்டன் நகரத்தில் உள்ள பயோவேர் நிறுவனத்தின் விளையாட்டு இது. முதல் பாகம் 'ஆரிஜின்ஸ்' 2009ல் வந்தது. இரண்டாம் பாகம் 2011ல், 'இன்குவிசிஷன்' 2014ல், 'வெய்ல்கார்டு' 2024ல். கதை நடக்கும் கண்டத்தின் பெயர் தெடாஸ். அதன் வடக்கே டெவின்டர் என்ற பேரரசு. மந்திர சக்தி உள்ளவர்கள் ஆள்வார்கள், மற்றவர்கள் உழைப்பார்கள். அடிமைகள் முதுகில் நிற்கும் அரசு. அந்த அடிமைகளில் பெரும்பாலானவர்கள் 'எல்ஃப்' என்ற இனம், நீண்டு கூர்மையான காது உள்ளவர்கள்.

தெற்கே ஆலமாரி என்ற பழங்குடியில் ஒரு தலைவனின் மகள் ஆண்ட்ராஸ்டே. டெவின்டர்காரர்களிடம் அடிமையாகப் பிடிபட்டுத் தப்பி வந்தவள் என்பது அவளைப் பற்றிய மரபு. தன் கனவில் 'மேக்கர்' என்ற படைத்தவர் பேசியதாகச் சொன்னாள். கணவன் மாஃபெராத் ஒரு படைத்தலைவன். இருவரும் குடிகளை ஒன்று சேர்த்து டெவின்டர் மீது படையெடுத்தார்கள். அங்கே அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்துகொண்டிருந்த ஷார்ட்டன் என்ற எல்ஃப் தலைவனும் அவளோடு சேர்ந்தான். கடைசியில் கணவனே காட்டிக்கொடுத்தான். டெவின்டரின் தலைநகரான மின்ராத்தஸில் அவளை உயிரோடு எரித்தார்கள். அவள் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், எரிக்க உத்தரவிட்ட மன்னன் ஹெஸ்ஸேரியனே வாளால் குத்தி அவள் வேதனையை முடித்தான். பத்து வருஷம் கழித்து அதே ஹெஸ்ஸேரியன் தானும் அவளுடைய பக்தன் என்று அறிவித்தான்.

எரித்தவனே பூமாலை போட்டான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. பிரிட்டனில் கி.பி. 60–61ல் ரோமானியர்களை எதிர்த்துப் போரிட்ட பூடிக்கா ராணி, போருக்கு முன் ஆண்ட்ராஸ்டே என்ற தெய்வத்தை அழைத்தாள் என்று காஷியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எரிக்கப்பட்ட பெண் என்றதும் ஜோன் ஆஃப் ஆர்க் நினைவுக்கு வராமல் இருக்காது. 1431ல் எரித்தார்கள். 1456ல் தீர்ப்பு செல்லாது என்றார்கள். 1920ல் புனிதர் ஆக்கினார்கள். எரிப்பது, வருத்தப்படுவது, சிலை வைப்பது என்பது மனித குலத்தின் பழைய வழக்கம்.

இனி வழக்குக்கு வருகிறேன். அவள் நோக்கம் கெட்டது என்பதற்கு என் தம்பிமார்கள் நான்கு சாட்சிகளை நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சாட்சி: நேரம். 'பிளைட்' என்ற பெருங்கேடு ஏறத்தாழ இருநூறு ஆண்டு டெவின்டரைத் தின்று தீர்த்திருந்தது. பூமிக்கு அடியிலிருந்து கிளம்பிய கூட்டம் ஊர் ஊராக அழித்தது. மக்கள் கும்பிட்ட பழைய தெய்வங்கள் காப்பாற்றவில்லை. பேரரசு தள்ளாடிக்கொண்டிருந்த சரியான நேரம் பார்த்து அடித்தாளாம். அதனால் அது கடவுள் வாக்கு இல்லையாம், கணக்காம்.

தம்பி, ஸ்பார்ட்டகஸ் கி.மு. 73ல் கிளம்பியபோது ரோமாபுரியின் நல்ல படைகளெல்லாம் ஸ்பெயினிலும் ஆசியா மைனரிலும் இருந்தன. அதனால் அவன் விடுதலை கேட்டது பொய்யாகிவிடுமா? எஜமான் விழித்திருக்கும்போது யாராவது சங்கிலியை அறுப்பார்களா? ஏமாந்த நேரத்தில் ஓடுவதுதான் புத்தி. நல்ல நோக்கம் உள்ளவனுக்குப் புத்தி இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இரண்டாம் சாட்சி: கணவன். படைத்தலைவன் வீட்டுப் பெண்ணுக்குக் கடவுள் குரல் கேட்டால் அது கணவனுக்கு வசதிதானே என்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கதையின் முடிவைப் பாருங்கள். எதிரியோடு பேரம் பேசி மனைவியை விற்றவன் மாஃபெராத். அதற்குப் பிறகு தெற்கு நிலங்களை ஆண்டது அவன் குடும்பம். அந்தக் கூட்டணியில் நிலத்தை விரும்பியவனுக்கு நிலம் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது விறகு. இருவர் நோக்கமும் ஒன்றுதான் என்றால், பேரம் ஏன் ஒருவன் மட்டும் பேசினான்?

'ஆரிஜின்ஸ்' கதையில் அவள் அஸ்தி வைத்திருக்கும் கோயிலுக்குள் போகும்போது, கதையில் வந்தவர்களின் ஆவிகள் ஒவ்வொன்றும் ஒரு விடுகதை போடும். மாஃபெராத்தின் ஆவி போடும் விடுகதைக்கு விடை 'பொறாமை'. துரோகிக்கு ஒரு காரணத்தைக் கதாசிரியர்கள் தெளிவாக எழுதி வைத்தார்கள். ஆண்ட்ராஸ்டேயின் நோக்கத்துக்கு அப்படி ஒரு விடையை எங்கும் வைக்கவில்லை. மேக்கர் உண்டா இல்லையா என்பதையும் அடித்துச் சொல்லவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. காலியான இடத்தில் நாம் எதைப் போடுகிறோம் என்பது நம்மைப் பற்றித்தான் சொல்லும்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கோயில் வாசலில் நிற்கும் காவலர், உள்ளே போகிறவனின் பழைய தவறைச் சொல்லி, அதற்காக வருந்துகிறாயா என்று கேட்பார். அவளுடைய நோக்கத்தைப் பற்றி ஆராய வந்தவனிடம், முதலில் உன் கணக்கைக் காட்டு என்று நிறுத்துகிறார். என் பேரன் அந்த இடத்தில் பதில் சொல்லாமல் வேகமாகப் பட்டனை அழுத்திக் கடந்துவிட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் சாட்சி: அவளே மந்திரவாதி என்ற ஊகம். டெவின்டர் பக்கம் இப்படிச் சொல்கிறவர்கள் விளையாட்டுக்குள்ளேயே உண்டு. ஆடுகிறவர்களிலும் நிறையப் பேர் நம்புகிறார்கள். கனவில் கேட்டது கடவுள் குரல் இல்லை, ஏதோ ஒரு ஆவியின் குரல் என்றும் சொல்கிறார்கள்.

இருக்கட்டும். ஒரு பேச்சுக்கு அவள் மந்திரவாதியே என்று வைத்துக்கொள்வோம். அவள் போதனையின் சாரம் என்ன? மந்திர சக்தி உள்ளவன் மற்றவன் தலைமேல் ஏறி உட்காரக்கூடாது என்பது. அந்த விதி யாரை முதலில் கட்டும்? அவளைத்தான். சக்தி இல்லாதவள் சக்தி உள்ளவர்களுக்கு விதி போடுவது வயிற்றெரிச்சல் என்று வேண்டுமானால் சொல்லலாம். சக்தி உள்ளவளே தன் கையைக் கட்டிக்கொள்ளும் விதியைப் போட்டால் அதற்கு என்ன பெயர்? இந்தச் சாட்சி உங்கள் கட்சிக்கு வந்தது இல்லை தம்பி, எங்கள் பக்கத்துக்கு வந்தது.

நான்காம் சாட்சிதான் கனமானது: விளைவு. மரத்தைக் கனியால் அறி என்கிறார்கள். அவள் பெயரைச் சொல்லித்தான் 'சான்ட்ரி' என்ற மத அமைப்பு மந்திர சக்தியோடு பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து 'சர்க்கிள்' என்ற கோபுரங்களில் அடைக்கிறது. 'டெம்ப்ளர்' என்ற வீரர்கள் காவல். அடங்காதவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. அது முடிந்ததும் கனவும் போய்விடும், கோபம், அன்பு, அழுகை எல்லாம் போய்விடும். ஆள் நடமாடுவான், சொன்ன வேலையைச் செய்வான். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளோடு சேர்ந்து போரிட்ட எல்ஃப் இனத்தின் நாட்டையே பிற்காலத்தில் அவள் பெயரால் படையெடுத்து அழித்தார்கள். இன்று அவர்கள் நகரங்களில் மதில் போட்ட சேரிகளில் இருக்கிறார்கள். டெவின்டரில் இன்னும் அடிமைச் சந்தை நடக்கிறது, அங்கேயும் அவளுக்கு வழிபாடு நடக்கிறது. இத்தனைக்கும் விதை போட்டவள் அவள்தானே என்பது வாதம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. என்னிடம் படித்தவன் இப்படி வாதிடலாமா? கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதிப் போடுவேனே, நினைவிருக்கிறதா? யார் எழுதியது? எப்போது எழுதியது? எழுதியதால் யாருக்கு லாபம்? கல்வெட்டோ செப்பேடோ, எது வந்தாலும் இந்த மூன்றையும் கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது என்பேனே. அதே மூன்றை இங்கே கேளுங்கள்.

யார் எழுதியது? கோடெக்ஸில் அவளைப் பற்றி இருக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சான்ட்ரியின் சகோதரர்களும் சகோதரிகளும் எழுதியவை. அவளே எழுதியது ஒரு வரி இல்லை.

எப்போது எழுதியது? அவள் எரிந்து ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பிறகுதான் சான்ட்ரியே வந்தது. அதற்கு முன் ஆண்ட்ராஸ்டேயைக் கும்பிட்ட குழுக்கள் ஊருக்கு ஒன்றாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். ஓர்லே நாட்டின் டிராக்கன் பேரரசன் வாளோடு கிளம்பி, தன் குழுவின் வழக்கத்தையே எல்லோருக்கும் ஆக்கினான். மற்றக் குழுக்களோடு போர் செய்தான். எது வேதம், எது வேதம் இல்லை என்பது அவன் காலத்தில் முடிவானது. 170 ஆண்டு என்றால் ஏழு தலைமுறை. என் கொள்ளுப்பாட்டி என்ன சொன்னாள் என்பது எனக்கே சரியாகத் தெரியாது.

யாருக்கு லாபம்? டிராக்கனுக்கு ஒரு பேரரசு, பேரரசுக்கு ஒரே மதம். லாபக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கூட்டல் எங்கே வருகிறது என்று தெரியும்.

சர்க்கிள் கோபுரங்கள் எப்படி வந்தன என்று கோடெக்ஸில் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. ஆரம்ப காலத்துச் சான்ட்ரி, மந்திரவாதிகளுக்குக் கொடுத்த வேலை கோயில் விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வதுதான். நெருப்பை உண்டாக்கும் சக்தி உள்ளவனை வத்திப்பெட்டி ஆக்கிவிட்டார்கள். பொறுத்துப் பார்த்து ஒரு நாள் தலைநகரத்து மந்திரவாதிகள் விளக்குகளை அணைத்துவிட்டுப் பெரிய கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். சுத்தமான தர்ணா. 21 நாள். தலைமைக் குருவான இரண்டாம் அம்ப்ரோசியாவுக்குக் கோபம் தலைக்கேறி, தன் சொந்தக் கோயில் மீதே புனிதப் போர் தொடுக்கப் பார்த்தாளாம். டெம்ப்ளர்களே வேண்டாம் என்று தடுத்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தையின் முடிவில் மந்திரவாதிகள் தனியாக ஒரு கோட்டையில் இருந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு ஆனது. அவர்கள் சந்தோஷமாகப் போனார்களாம். அதுதான் பின்னால் சிறையானது.

சொல்லுங்கள், இதில் ஆண்ட்ராஸ்டே எங்கே இருக்கிறாள்? ஒரு நிர்வாகத் தகராறு, ஒரு தற்காலிக ஏற்பாடு, அதற்கு மேல் பூட்டு, பூட்டுக்கு மேல் வேத வாக்கியம். எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இது புரியும். தற்காலிகம் என்று வந்த சுற்றறிக்கைதான் கடைசி வரை நிலைக்கும்.

ஷார்ட்டன் கதை இதைவிட மோசம். எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமான சாட்சி அதுதான்.

போருக்கு உதவியதற்காக எல்ஃப்களுக்கு டேல்ஸ் என்ற நாடு கிடைத்தது. அடிமை இனத்துக்கு ஒரு நாடு. ஆண்ட்ராஸ்டேயின் படையெடுப்பில் விளைந்த, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பலன் அது. வேதத்திலும் ஷார்ட்டனைப் பற்றி ஒரு முழுப் பகுதி இருந்தது. பல தலைமுறை கழித்து எல்லைத் தகராறு போராக மூண்டது. எல்ஃப் படை ஓர்லேயின் தலைநகரம் வரை வந்தது. சான்ட்ரி புனிதப் போர் அறிவித்தது. டேல்ஸ் விழுந்தது. அதற்குப் பிறகு சான்ட்ரி என்ன செய்தது தெரியுமா? ஷார்ட்டனின் பகுதியை வேதத்திலிருந்து நீக்கியது. ஆண்ட்ராஸ்டேயின் படையில் எல்ஃப்கள் நிற்கும் ஓவியங்களை அழிக்கச் சொன்னது. தப்பிப் பிழைத்த ஓவியத்தில் ஷார்ட்டனின் காது நுனியை வெட்டிவிட்டார்கள். மனிதன் போலத் தெரிய வேண்டும் அல்லவா!

காது நுனியை வெட்டினார்கள் கண்ணுகளா. கொஞ்சம் யோசியுங்கள். அவள் உண்மையிலேயே சான்ட்ரி போன்றவளாக இருந்திருந்தால், அந்தக் காதை வெட்ட வேண்டிய அவசியம் என்ன? வெட்டினார்கள் என்றால் வெட்ட ஏதோ இருந்தது. அவள் செய்தது அவர்கள் செய்வதோடு பொருந்தவில்லை, அதனால்தான் கத்தி எடுத்தார்கள். விளைவை வைத்து அவளைத் தீர்ப்பிடுகிறவர்கள், வெட்டிய ஓவியத்தைப் பார்த்துவிட்டு "ஆமாம், காது சின்னதாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள்.

இது ஒரு தடவை நடந்ததும் அல்ல. 2015ல் வந்த 'ஜாஸ் ஆஃப் ஹக்கான்' என்ற கூடுதல் பகுதியில் அமெரிடன் என்று ஒரு பழைய வீரன் வருகிறான். டிராக்கனின் நண்பன். சான்ட்ரி கொண்டாடும் பெரிய பக்தன். நேரில் பார்த்தால் அவன் எல்ஃப்! அதுவும் மந்திரவாதி! வரலாற்றில் இரண்டையும் துடைத்துவிட்டார்கள். பேரன் "அட" என்றான். அந்த "அட"வை ஆண்ட்ராஸ்டே விஷயத்தில் மட்டும் ஏன் சொல்ல மறுக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

என் தம்பிமார்களுக்குக் கடைசியாக ஒரு கேள்வி. 'இன்குவிசிஷன்' விளையாட்டை நீங்கள் மூவரும் ஆடி முடித்தவர்கள். அதில் நீங்கள் யார்?

ஒரு பெரிய வெடிப்பில் உயிர் தப்பிய ஆள். வெளியே வரும்போது உங்களுக்குப் பின்னால் ஒரு பெண் உருவம் தெரிந்தது என்று வீரர்கள் சொல்கிறார்கள். உடனே ஊர் முழுக்க "ஆண்ட்ராஸ்டேயே இவரை அனுப்பினாள்" என்று பேச்சு. 'ஆண்ட்ராஸ்டேயின் தூதர்' என்று பட்டம். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? "எனக்கு ஒன்றும் தெரியாது", "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று பல இடங்களில் சொன்னீர்கள். யாராவது கேட்டார்களா? வழியில் மண்டியிட்டார்கள். உங்கள் பெயரால் படை திரண்டது. பாதிக் கதைக்கு மேல்தான் அந்த உருவம் வெடிப்பில் இறந்த தலைமைக் குரு ஜஸ்டினியா என்று தெரிகிறது. தெரிந்த பிறகும் பட்டம் போகவில்லை.

நூறு மணி நேரம் தீர்க்கதரிசியின் செருப்பைப் போட்டு நடந்தீர்களே தம்பி! சொல்லாததைச் சொன்னதாக எழுதுவார்கள், சொன்னதைக் கேட்கமாட்டார்கள் என்று உங்கள் கையாலேயே ஆடிப் பார்த்தீர்களே! இருநூறு ஆண்டு கழித்து உங்கள் பெயரில் ஒருவன் ஊரை எரித்தால், "அவன் ஆரம்பத்திலேயே திட்டம் போட்டவன்" என்று எவனாவது எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? உங்களுக்கு ஒரு நியாயம், எரிந்து போன பெண்ணுக்கு ஒரு நியாயமா?

இப்போது அக்கா பேத்திக்கு. நீ ரொம்பச் சிரிக்காதே அம்மா, உனக்கும் பங்கு உண்டு.

அவள் தெய்வம், அவள் மேல் குற்றமே இல்லை என்று நீ சொன்னால், மூன்று கேள்வியை நீயும் கேட்கவில்லை என்று அர்த்தம். அவள் நடத்தியது போர். போரில் அடிமைச் சங்கிலி மட்டுமா அறுந்தது? டெவின்டரின் வயல்களில் அரசனையே பார்க்காத ஏழைகளும் செத்திருப்பார்கள். விடுதலைப் போர் என்றாலும் பிணம் பிணம்தான். அந்தக் கணக்கு அவள் பெயரில்தான் இருக்கும், மாஃபெராத் பெயருக்கு மாற்றிவிட முடியாது.

அடுத்து அந்தப் போதனை. மந்திரம் ஆளக்கூடாது என்று சொன்னவள், எப்படி வாழ வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனதாகத் தெரியவில்லை. அதனால் என்ன ஆயிற்று? தெற்கே உள்ளவன் "அப்படியானால் மந்திரவாதியைப் பூட்டி வை" என்று படித்தான். வடக்கே உள்ளவன் "மந்திரவாதியே குருவாக இருந்தால் சேவைதானே" என்று படித்துத் தனித் தலைமைக் குருவை வைத்துக்கொண்டான். வாக்கியம் ஒன்று, கொடுமை இரண்டு வகை. வகுப்பில் ஒரு சூத்திரத்தைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுக் கணக்கு போடாமல் மணி அடித்ததும் போய்விட்டால், பையன்கள் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் போடுவார்கள். அவளுக்கு மணி நெருப்பாக வந்தது என்பது உண்மை. ஆனாலும் குறை குறைதான். அதைச் சொன்னால் அவள் சிறுத்துவிடமாட்டாள்.

தெய்வமாக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'ஆரிஜின்ஸ்' கதையில் மலைமேல் ஒரு கிராமம் வரும். அங்கே கோல்கிரிம் என்பவனும் அவன் ஆட்களும் ஒரு டிராகனைக் காட்டி இவள்தான் மறுபிறவி எடுத்த ஆண்ட்ராஸ்டே என்று கும்பிடுவார்கள். அஸ்தியை டிராகன் ரத்தத்தால் கெடுக்கச் சொல்வார்கள். பேரன் அவர்களைப் பைத்தியங்கள் என்றான். சான்ட்ரிக்கும் அவர்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நான் கேட்டேன். இருவருக்கும் உயிரோடு இருந்த அந்தப் பெண் தேவையில்லை. ஒருவருக்கு டிராகன் போதும், இன்னொருவருக்குச் சிலை போதும்.

சரி, இத்தனையும் ஒரு விளையாட்டுக்காகவா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

என்னை உறுத்தியது என் பேரன் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம்: "எல்லாரும் கடைசியில சுயநலம்தான் பாட்டி." பதினேழு வயது. இன்னும் வாக்குரிமை வரவில்லை. அதற்குள் உலகத்தை முடித்துவிட்டான். என் பழைய மாணவன் நாற்பது வயதில் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறான். இதைச் சொல்வது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஒவ்வொருவராகப் பார்த்து, யார் என்ன செய்தார்கள், யார் எதை இழந்தார்கள் என்று கணக்குப் போடுவது கஷ்டமான வேலை. மொத்தமாக எல்லோர் முகத்திலும் கரி பூசிவிட்டால் வேலை மிச்சம்.

இதனால் லாபம் அடைகிறவர் யார் என்றும் பாருங்கள். ஆண்ட்ராஸ்டேயும் மோசடிதான் என்றால் சான்ட்ரிக்கு நிம்மதி. "எங்கள் மூலமே அப்படித்தான், நாங்கள் மட்டும் எப்படி வேறாக இருப்போம்" என்று காலை நீட்டிக்கொள்ளலாம். அந்த அமைப்பை உள்ளிருந்து கேள்வி கேட்கிறவர்களுக்கு இருக்கும் ஒரே கம்பு, அவள் செய்த காரியம்தான். "அவள் எல்ஃபோடு தோள் சேர்ந்து நின்றாளே, நீ ஏன் அவனைச் சேரியில் வைத்தாய்" என்று கேட்கலாம். ஷார்ட்டனின் பகுதியைத் திரும்ப வேதத்தில் சேர்க்கலாமே என்ற பேச்சு விளையாட்டுக்குள்ளேயே எழுகிறது. 'வெய்ல்கார்டு' கதையில் அதே மின்ராத்தஸ் நகரத்தில், அவளை எரித்த ஊரில், 'ஷேடோ டிராகன்ஸ்' என்ற குழு அடிமைத்தனத்தை எதிர்த்து ஒளிந்திருந்து வேலை செய்கிறது. அவர்கள் கையில் இருக்கும் கம்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, "நான் யாரிடமும் ஏமாறமாட்டேன்" என்று பெருமைப்படுவதில் என்ன வீரம்?

ஒருவருடைய நெஞ்சுக்குள் புகுந்து நோக்கத்தைப் பார்க்க நமக்குக் கண் இல்லை. உயிரோடு இருக்கிறவர் விஷயத்திலேயே முடியவில்லை, செத்தவர் விஷயத்தில் எங்கே? கை என்ன செய்தது என்று பார்க்கலாம். யார் பக்கத்தில் நின்றார், எதைக் கொடுத்தார், எதற்கு உயிரை விட்டார் என்று பார்க்கலாம். பிறகு வந்தவர்கள் எதை வைத்தார்கள், எதை வெட்டினார்கள் என்று பார்க்கலாம். வெட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் பழைய உருவம் தட்டுப்படும். வரலாறு படிப்பது என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

ஆகவே என் தீர்ப்பு: ஆண்ட்ராஸ்டேயைக் கூண்டிலிருந்து இறக்குங்கள். கோபுரத்திலும் ஏற்ற வேண்டாம். போர் செய்தவள், குறை உள்ளவள், அடிமைகளின் பக்கம் நின்றவள் என்று தரையில் நிறுத்துங்கள். அந்தக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் வேறு. கையில் கத்தியும் காது நுனியுமாக நிற்கிறார்கள், தேட வேண்டிய அவசியமே இல்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், மரியாதையோடு. எழுதச் சோம்பலாக இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள். மூன்று கேள்விக்கும் பதிலோடு வாருங்கள்.  விளையாடுகிறவர்கள் இன்று இரவு சண்டையை நிறுத்திவிட்டு, ஷார்ட்டனைப் பற்றிய கோடெக்ஸ் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்